தாயைப் பார்த்துக் குட்டியைக் கொள்

மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கி ஏ-14 வீதியில் போகிறவர்களுக்கு உயிலங்குளம் என்றால் வயல். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற பூமி இது. வயலும் வளவும் இருக்கிற ஊரில் நாய் இல்லாத வீடு குறைவு. அந்த நாய்களுக்கு யாரும் விலை கொடுத்ததில்லை. அயல் வீட்டுப் பெட்டை குட்டி போட்டால், ஓடித் திரியத் தொடங்கியதும் ஒன்றைத் தூக்கி வருவார்கள். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு இரண்டு நாள் வைத்தால் அது அந்த வீட்டு நாய். போர்நிறுத்தக் காலத்தில் உயிலங்குளம் என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது இங்கிருந்த சோதனைச் சாவடியால்தான். பின்னர் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலப்பரப்புச் சனங்கள் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தபோது, கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுப் போனதுதான் பலருக்கு இன்றும் ஆறாத நினைவு.

மீளக் குடியேறி, கல்வீடு கட்டி, பிள்ளைகள் வளர்ந்து நிற்கிற இந்தக் காலத்தில் இன்னொரு விருப்பம் வந்திருக்கிறது. வாசலில் கிடக்கிற நாய் போதாது, வீட்டுக்குள்ளே மடியில் ஏறி இருக்கிற ஒரு சின்ன நாய் வேண்டும். பொமேரியன், பக், டாஷண்ட், ஷிட்ஸு என்று பிள்ளைகளுக்கு இனப் பெயர்கள் மனப்பாடம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமா, 'பிள்ளை ஆசைப்படுறாள், வாங்கிக் குடுங்கோ, காசு அனுப்பிவிடுறன்' என்கிறார். அந்த ஆசையில் பிழை எதுவும் இல்லை. தனித்திருக்கும் முதியவருக்கும், பேசத் தயங்கும் பிள்ளைக்கும் ஒரு சின்ன நாய் செய்கிற நன்மையைக் கண்ணால் கண்டவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். கேள்வி, அந்தக் குட்டி எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

பெரும்பாலும் அது ஒரு படத்திலிருந்து வருகிறது. கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம். வெள்ளைப் பஞ்சு போல ஒரு குட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன். அழைத்தால் விலை சொல்கிறார்கள். முற்பணம் போடச் சொல்கிறார்கள். 'நீங்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, நாங்களே கொண்டுவந்து தருவம்' என்கிறார்கள். இந்தக் கடைசி வசனம் பெரிய உதவியாகத் தெரியும். மன்னாரிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, வேலைநாளில் யார் போய் வருவது? அப்படியே ஒரு பஸ் நிலையத்திலோ பெற்றோல் நிலையத்துக்கு முன்னாலோ அட்டைப்பெட்டி கை மாறுகிறது. பெட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிற குட்டிக்கு வயது ஐந்து கிழமையாக இருக்கும். விற்றவர் எட்டுக் கிழமை என்றிருப்பார்.

மூன்றாம் நாள் வாந்தி. நாலாம் நாள் இரத்தத்தோடு கழிச்சல். அதற்குப் பிறகு அந்த இலக்கத்தை அழைத்தால் யாரும் எடுப்பதில்லை.

பார்க்காத தாய்

பெண் எடுக்கிறபோதும் பசு வாங்குகிறபோதும் நம்முடைய ஆட்கள் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு: தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள். மாடு வாங்கப் போனால் மடியைத் தொட்டுப் பார்த்து, பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்த பிறகே அச்சவாரம் கொடுக்கிறவர்கள், ஒரு நாய்க்குட்டியைப் படத்தைப் பார்த்து வாங்குவது எனக்கு விளங்காத காரியம். நாய்க்குட்டி வாங்க வேண்டுமென்று கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். தாயை அது குட்டி போட்ட இடத்தில், குட்டிகளோடு பார்க்கும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், தாயைக் காட்டாதவர்களுக்குக் காட்டாமல் இருக்கக் காரணம் இருக்கிறது. உலகெங்கும் குட்டி விற்பனைக்கென்றே பெட்டைகளைக் கூட்டில் அடைத்து, ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்தி, இனி முடியாது என்ற வயதில் தெருவில் விடுகிற தொழில் நடக்கிறது. பிரித்தானியாவில் வேல்ஸ் பகுதியில் இப்படியொரு பண்ணையிலிருந்து 2013 இல் மீட்கப்பட்ட ஒரு நாயின் பெயர் லூசி. கவாலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்ற சின்ன இனம். சிறு கூட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்ததால் அதன் இடுப்பெலும்பு இறுகிப் போயிருந்தது, முதுகு வளைந்திருந்தது, உரோமம் உதிர்ந்திருந்தது, வலிப்பும் இருந்தது. மீட்கப்பட்ட பிறகு அன்பான ஒரு வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்து, 2016 இல் செத்தது. அதன் பெயரால் எழுந்த இயக்கம் இங்கிலாந்தின் சட்டத்தையே மாற்றியது. 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகர் விற்க முடியாது. வளர்த்தவரே, குட்டி பிறந்த இடத்தில், தாயோடு வைத்துக் காட்டித்தான் விற்க வேண்டும். லண்டனிலிருந்து காசு அனுப்புகிற மாமாவுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கும். அவர் இருக்கிற நாட்டில் குற்றமான ஒன்றை அவருடைய காசில் இங்கே செய்யாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இந்தியாவும் 2017 இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் கொண்டுவந்தது. எட்டுக் கிழமை நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையைச் சினைப்படுத்தக்கூடாது. வாழ்நாளில் ஒரு பெட்டை ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக்கூடாது. நம் நாட்டில் மிருகவதைத் தடைக்கு நெடுங்காலமாக ஆதாரமாக இருப்பது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாட்டு வண்டிக் காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை நம்பி முகநூல் விளம்பரத்தில் குட்டி வாங்க முடியாது. ஆகவே சட்டம் கேட்காத கேள்விகளை வாங்குகிறவர் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல வளர்ப்பாளரின் வீடு

நாய் இனங்களைப் பொறுப்போடு பெருக்குகிற வளர்ப்பாளர்கள், பிரீடர் என்று எல்லோரும் சொல்கிறவர்கள், இலங்கையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் கொழும்பு, கண்டி, நீர்கொழும்புப் பக்கம். அவர்களில் பலர் இதைத் தொழிலாகச் செய்வதில்லை. ஒரே ஒரு இனத்தில் பித்துப் பிடித்து, கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஈற்று எடுக்கிறவர்கள். பத்து இனம் ஒரே இடத்தில் எப்போதும் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னால் அங்கே நடப்பது வியாபாரம்.

அப்படியொரு நல்ல வீட்டுக்குள் போனால் குட்டிகள் கொல்லையில் இருக்காது. வீட்டு மனிதர் புழங்குகிற அறையின் ஒரு மூலையில் பலகையால் அடித்த பெட்டி இருக்கும். உள்சுவரைச் சுற்றி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு கம்புச் சட்டம் ஓடும். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது பின்னால் அகப்பட்ட குட்டி நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி. கீழே பழைய பத்திரிகைத் தாள், அதன் மேல் துவைத்த துணி. ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் வேறு வேறு நிற நூல். பக்கத்தில் சமையலறைத் தராசும் ஒரு கொப்பியும். சிவப்பு நூல், பச்சை நூல், நீல நூல் என்று கோடு போட்டு, பிறந்த நாளிலிருந்து தினமும் எத்தனை கிராம் கூடியது என்று எழுதியிருப்பார்கள். பொமேரியன் குட்டி பிறக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் அன்றிரவு யாரோ ஒருவர் அதற்குப் பால் புகட்டிக்கொண்டு விழித்திருந்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு எந்தச் சான்றிதழையும்விட அந்தக் கொப்பி பெரிது.

பிறகு தாயைப் பாருங்கள். பால் கொடுத்த பெட்டை மெலிந்துதான் இருக்கும், உரோமமும் உதிர்ந்திருக்கும், அதில் குறையில்லை. ஆனால் அது வீட்டுக்காரரைக் கண்டு வாலாட்டுகிறதா, அந்நியரான உங்களைக் கண்டு ஒதுங்கி நடுங்குகிறதா, கடிக்க வருகிறதா என்பதைப் பத்து நிமிடம் இருந்து கவனியுங்கள். பயந்த சுபாவம் இரத்தத்தோடும் வரும், தாயைப் பார்த்துப் பழகியும் வரும். கடுவன் அதே வீட்டில் இல்லாமல் இருக்கலாம். நல்ல வளர்ப்பாளர்கள் தம் பெட்டைக்குப் பொருத்தமான கடுவனை வேறிடத்தில் தேடிப் போவது வழக்கம். அதன் படமும் வம்சாவளிப் பத்திரமும் காட்டுவார்கள். இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே நாயின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது நெருங்கிய இரத்த உறவுக் கலப்பு. அதற்குக் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எட்டுக் கிழமைக் கணக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஐந்து நாயினங்களை வளர்த்துப் பல்லாண்டு கவனித்து, 1965 இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். நாய்க்குட்டி உலகத்தோடு பழகக் கற்றுக்கொள்ளும் காலம் மூன்றாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடைப்பட்டது என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. அதன் முதற்பாதியில் ஆசிரியர்கள் தாயும் கூடப்பிறந்ததுகளும். எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றதுக்கு நோகும் என்று குட்டி படிப்பது அங்கேதான். பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் உறுமும். ஐந்தாம் கிழமையில் பிரித்தெடுத்த குட்டிக்கு இந்தப் பாடம் இல்லை. ஆறு மாதத்தில் அது பிள்ளையின் கையைக் கடித்துக் கிழிக்கும்போது 'இந்த இனமே கடிக்கிற இனம்' என்று இனத்தின் மேல் பழி விழுகிறது.

நல்ல வளர்ப்பாளரை இனங்காண இன்னொரு வழி, கேள்வி கேட்பது யார் என்று பார்ப்பது. நீங்கள் விலையைக் கேட்க முதலே அவர் உங்களைக் கேட்கத் தொடங்குவார். வீட்டில் பகலில் யார் இருப்பீர்கள்? வளவுக்கு வேலி இருக்கிறதா? வேறு நாய் உண்டா, என்ன அளவு? சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வயது? கிட்டடியில் மிருக வைத்தியர் இருக்கிறாரா? மன்னார் வெயிலில் இந்த நாயை எங்கே படுக்க வைப்பீர்கள்? கடைசியில், 'எப்பவாவது வளர்க்க ஏலாமல் போனால் வேற ஆருக்கும் குடுக்காதேங்கோ, எனக்கே திருப்பித் தாங்கோ' என்பார். இந்த விசாரணையை அவமானமாக எடுத்துக்கொண்டு எழும்பி வந்தவர்களை அறிவேன். அவர்கள் இழந்தது ஒரு நல்ல குட்டியை மட்டுமல்ல, பதினைந்து வருடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் அழைத்து ஆலோசனை கேட்கக்கூடிய ஒரு மனிதரையும்.

பத்திரம் சொல்வதும் சொல்லாததும்

கொழும்பிலுள்ள இலங்கை நாய் வளர்ப்போர் சங்கம் இனத்தூய நாய்களைப் பதிவு செய்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. குட்டியின் பதிவுப் பத்திரத்தில் தாய், தகப்பன், அவற்றின் முன்னோர், பிறந்த திகதி, வளர்ப்பாளரின் பெயர் எல்லாம் இருக்கும். தோலுக்கடியில் அரிசியளவு நுண்சில்லு ஏற்றப்பட்டிருந்தால் அதன் பதினைந்து இலக்கமும் பத்திரத்திலுள்ள பதினைந்து இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். வாசிப்புக் கருவியை உங்கள் முன்னால் கழுத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பத்திரம் சொல்வது வம்சத்தை மட்டும். அந்த நாய் நோயற்றது என்று அது சொல்லவில்லை. ஆகவே 'பேப்பர் இருக்கு' என்ற ஒரே வார்த்தையில் மயங்க வேண்டாம். 'பேப்பர் வேணுமெண்டால் ஒரு விலை, இல்லாட்டி ஒரு விலை' என்று பேரம் பேசுகிற இடத்திலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் 'டீ-கப்' என்றொரு சொல் இப்போது புழங்குகிறது. தேநீர்க் கோப்பைக்குள் அடங்குகிற பொமேரியன், கோப்பைக்குள் அடங்குகிற சிவாவா. அப்படியொரு இனத்தை எந்தப் பெயர்பெற்ற கென்னல் கிளப்பும் அங்கீகரிக்கவில்லை. வளர்ச்சி குன்றிய குட்டியோடு வளர்ச்சி குன்றிய குட்டியைச் சேர்த்துப் பெறுவதைத்தான் அந்தப் பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வயதைக் கூட்டிச் சொன்ன பால்குடிக் குட்டியும் அந்தப் பெயரில் போகும்.

சின்ன இனங்களுக்கென்று சில பலவீனங்கள் உண்டு. முற்பணம் கொடுக்க முன்பு ஒரு மிருக வைத்தியர் கையால் குட்டியைத் தொட்டுப் பார்ப்பது அதனால்தான் அவசியம். அவர் பெருவிரலால் உச்சந்தலையைத் தடவுவார். மண்டையோடு கூடாமல் குழி விழுந்து மெத்தென்று இருந்தால் அது கவனிக்கவேண்டிய குறை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். வெளிறிய ஈறு என்றால் கொக்கிப்புழு இரத்தம் குடிக்கிறதாக இருக்கலாம். தொப்புளில் புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பின்னங்காலை மடக்கி நீட்டி முழங்காற்சில்லை மெல்லத் தள்ளிப் பார்ப்பார். சின்ன இனங்களில் அந்தச் சில்லு இடம் விலகுவது பரம்பரையாக வருவது, அதனால் தாய்க்கும் தகப்பனுக்கும் அது சோதிக்கப்பட்டதா என்று கேட்பது நியாயம். ஐந்து நிமிட வேலைதான் இது. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச ஒன்றுமில்லை.

மன்னார் வெயிலுக்கு எந்த நாய்?

2003 இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாய் இந்தியா முழுவதையும் மயக்கியது. அந்த மயக்கம் கடல் கடந்து இங்கேயும் வந்தது. சப்பை மூக்கு, உருண்டைக் கண், மடிப்பு விழுந்த நெற்றி. பார்க்க அழகுதான். ஆனால் நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. மூக்கும் தொண்டையும் குறுகிய பக், பிரெஞ்சு புல்டோக் போன்றவற்றுக்கு அந்த ஒரே வழியும் அடைபட்டிருக்கிறது. நாயின் சாதாரண உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் அளவு. அது 41 ஐத் தாண்டினால் உயிராபத்து. சோளகக்காற்று புழுதியை வாரி அடிக்கிற மாதங்களில், கரன்ட் போன மத்தியானத்தில், தகரக் கூரையின் கீழ் ஒரு பக் நாய்க்கு என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டு அரசு 2024 இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், அந்த மாநிலத்தின் காலநிலைக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட இனங்களில் சைபீரியன் ஹஸ்கியோடு பக்கும் பிரெஞ்சு புல்டோக்கும் இருந்தன. அந்தக் கொள்கை நாய் வளர்ப்போரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. எனினும் இராமநாதபுரத்துக்கும் மன்னாருக்கும் வெயிலில் பெரிய வேறுபாடு இல்லை. குளிரூட்டி இல்லாத வீட்டுக்கு உயிலங்குளத்தில் பக் வாங்க வேண்டாம் என்பது என் துணிந்த கருத்து.

பொமேரியன் குளிர்நாட்டு வம்சம். வடக்கு ஐரோப்பாவின் பெரிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழி வந்தது. விக்டோரியா மகாராணி 1888 இல் புளோரன்ஸ் நகரில் வாங்கிய மார்கோ என்ற பொமேரியன் பன்னிரண்டு இறாத்தல் எடை. அவர் சின்ன நாய்களை விரும்பியதால் இனமே சிறுத்துக்கொண்டு வந்து, இன்று இரண்டு மூன்று கிலோவில் நிற்கிறது. இரட்டை அடுக்கு உரோமம் இருந்தும் நீண்ட மூக்கு இருப்பதால் நிழலும் காற்றும் தண்ணீரும் கொடுத்தால் நம் பக்கத்தில் சமாளிக்கும். வெயிலுக்கு இரங்கி உரோமத்தை ஒட்ட வழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வழித்த உரோமம் சில நாய்களில் சரியாகத் திரும்ப முளைப்பதில்லை. வெயில் நேராகத் தோலில் விழும். தினமும் சீவிவிட்டால் போதும்.

டாஷண்ட் குட்டை உரோமம், நீளமூக்கு. வெயிலைத் தாங்குவதில் மற்றவற்றைவிட மேல். வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மனியில் உருவான இனம் என்பதால் எலி கண்டால் விடாது. அதன் பலவீனம் முதுகெலும்பு. ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரையான டாஷண்ட்கள் வாழ்நாளில் முள்ளந்தண்டு வட்டு நோயால் பாதிக்கப்படுகின்றன. உயரக் கட்டிலிலிருந்து குதிக்க விடுவதும், கொழுக்க வைப்பதும் அதற்குச் செய்யும் தீங்கு. வாங்கும்போது பெற்றோருக்கு முதுகு வருத்தம் வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதவாச்சியில் இறக்காதீர்கள்

குட்டியைக் கொண்டுவரும் பயணம் தனிக் கவனம் வேண்டுவது. பார்வோ வைரஸ் 1978 இல் உலகம் முழுக்கப் பரவிய நோய். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டொரு நாளில் குட்டியைக் கொல்லும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாய்ப்பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம், பதினாறாம் கிழமை வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்ட அட்டையைக் காட்டி 'எல்லாம் போட்டாச்சு' என்றால் அது உண்மையில்லை. அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும் திகதியும் வைத்தியரின் கையொப்பமும் இருக்கவேண்டும்.

ஆகவே கொழும்பிலிருந்து வருகிற வழியில் மதவாச்சிச் சந்தியில் தேநீர் குடிக்க நிறுத்தினால், 'பாவம், ஒண்டுக்குப் போகட்டும்' என்று குட்டியைத் தரையில் விடாதீர்கள். நூறு கட்டாக்காலி நாய்கள் நடந்த மண் அது. கூடைக்குள் பத்திரிகைத் தாளைப் பரப்பி, அதிலேயே போகவிடுங்கள். இரவிலோ விடியப்புறத்திலோ வாகனத்தை எடுத்தால் வெயில் தப்பும். தாயின் பெட்டியில் கிடந்த ஒரு துணித்துண்டை வளர்ப்பாளரிடம் கேட்டு வாங்கிக் கூடைக்குள் போடுங்கள். அந்த மணம் இருக்கும்வரை குட்டி அழுவது குறையும். இரண்டு கிலோவுக்கும் குறைந்த குட்டி நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கித் தள்ளாடும், சோர்ந்து விழும். கொஞ்சம் தேனை ஈறில் தடவிவிட்டு, உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு உயிலங்குளத்துக்கென்று சில ஆபத்துகள் இருக்கின்றன. வயலும் எலியும் சேர்ந்த இடத்தில் எலிக்காய்ச்சல் மனிதருக்கு வருவது போலவே நாய்க்கும் வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்கான ஊசியைத் தவறவிடக்கூடாது. அறுவடைக் காலத்தில் புடையன் பாம்பு வரப்பிலும் வைக்கோற்போரிலும் கிடக்கும், சின்ன நாய்க்கு ஒரு கடி போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பெரிய நாயோடு முதல் மாதம் தனியாக விடவேண்டாம். உண்ணி காய்ச்சலைக் கொண்டுவரும், தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். கருவாட்டுத் தலையும் உப்பு மீனும் இந்த வயிற்றுக்கு ஆகாது. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் வலையிலிருந்து எறிந்த பேத்தை மீனை வாயில் வைக்க விடாதீர்கள், அது காய்ந்து கிடந்தாலும் நஞ்சு.

விசர்நாய்க்கடி ஊசி சாதி நாய்க்கு வேண்டாம், அது வீட்டுக்குள்தானே இருக்கிறது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. 1973 இல் இந்த நாட்டில் விசர்நோயால் 377 பேர் செத்தார்கள். பல்லாண்டுக்கால நாய்த் தடுப்பூசித் திட்டத்தால் அந்த எண்ணிக்கை இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. வேலிக்குள்ளால் புகுந்த ஒரு கட்டாக்காலியோ ஒரு கீரியோ கடித்தால் போதும், பொமேரியனும் விசர் நாயாகும். அரசாங்கம் நாய்களுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. ஊருக்குள் ஊசிக்காரர் வருகிற நாளில் மடியில் இருக்கிற நாயையும் வாசலில் கிடக்கிற நாயையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நாயைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்தே இருக்கிறது, பிரதேச சபையில் அதையும் செய்துவிடலாம்.

விலையைப் பற்றிக் கேட்பார்கள். பொறுப்பான வளர்ப்பாளரின் குட்டி விளம்பரக் குட்டியைவிட விலை கூடத்தான் இருக்கும். தாய்க்குச் செய்த பரிசோதனை, ஊசி, பூச்சிமருந்து, இரண்டு மாதத் தீன், விழித்திருந்த இரவுகள் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய செலவு வாங்கிய பிறகு வருவது. 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்து, இறக்குமதித் தீனும் மருந்தும் எட்டாத விலைக்குப் போனபோது, எத்தனையோ வீடுகளில் வெளிநாட்டு இன நாய்கள் தெருவுக்கு வந்தன. வாங்கும் காசு மாமா அனுப்பலாம். மாதாமாதம் தீனுக்கும் வைத்தியத்துக்கும் கொடுக்கப் போவது யார் என்று வீட்டில் இருந்து பேசி முடிவெடுத்த பிறகு போங்கள்.

காத்திருக்கவும் வேண்டும். பெட்டைக்குப் பருவம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சினைக்காலம் 63 நாள். பிறகு எட்டுக் கிழமை. நல்ல வளர்ப்பாளர் ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்தமாட்டார் என்பதால், இன்று பேசினால் குட்டி கைக்கு வர ஒரு வருடமும் ஆகலாம். பிள்ளையின் பிறந்தநாள் அடுத்த மாதம் என்றால் அந்தப் பிறந்தநாளுக்குக் குட்டி வராது. அந்த இடைவெளியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முருங்கனில் இரவு ரயில் ஏறிப் போய், வளர்ப்பாளரின் வீட்டையும் அவரது நாய்களையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். இந்த இனம் இவ்வளவு குரைக்குமா, இவ்வளவு உரோமம் கொட்டுமா என்று அங்கேதான் தெரியும். பார்த்த பிறகு வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதுவும் நல்லதே. அயலில் எப்போதும் ஏதாவது ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கும். இரண்டு மாதம் நிறைய விட்டு, பூச்சிமருந்து கொடுத்து, ஊசி போட்டு, அதில் ஒன்றைத் தூக்கி வரலாம். அங்கே தாயைப் பார்ப்பதற்கு வேலியைத் தாண்டினால் போதும்.